புதன்கிழமை ஆம்பூர்

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் கம்பெனியில் பெண்கள் முதலில் ஓடுவது கேன்டீனுக்கு அல்ல, லாக்கருக்கு. காலையில் உள்ளே வைத்துப் பூட்டிய செல்போன் அங்கேதான் கிடக்கும். அந்தத் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் வரிசையாகக் கலைச்செல்வியின் மிஸ்டு கால். எனக்குப் பகீரென்றது.

அன்று காலையில்தான் அவள் ஆம்பூர் பஜாருக்குப் பக்கத்துத் தெருவில் தையல் கடையைத் திறந்திருந்தாள். தேங்காய் உடைத்து, மெஷினுக்குப் பொட்டு வைத்து, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியும் இருந்தாள். அதற்குள் என்ன கேடு வந்தது என்று பதறிக்கொண்டு கூப்பிட்டேன்.

"இன்னாடி ஆச்சு?"

"எஸ்தரு, ஊர்ல யாருமே இல்லடி."

"யாருமே இல்லன்னா?"

"யாருமே இல்ல. நேத்து இதே தெருவுல தோள இடிச்சிக்கினு நடந்தோமே, அந்த ஜனம் எங்க போச்சுன்னே தெரியல. எதிர்க் கடைக்காரர் தூங்கறாரு. ஒரு நாய் வந்துச்சு. அதுவும் எட்டிப் பாத்துட்டு போய்ட்டுது. இன்னைக்கு பந்து கிந்தா?"

நான் திரும்பிக் கேன்டீனைப் பார்த்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று எல்லா செக்‌ஷன் பெண்களும் வாசல் வரை நின்றார்கள்.

"அந்த ஜனம் எல்லாம் இங்க சாம்பாருக்கு நிக்குதுடி" என்றேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஞாபகத்துக்கு வந்தது.

நானும் கலையும் பல வருஷமாகத் திங்கள் முதல் சனி வரை அந்த ஷூ கம்பெனிக்குள் இருந்தவர்கள். இருட்டோடு மாதனூரில் கம்பெனி பஸ் ஏறுவோம், தெருவிளக்கு எரியும்போது இறங்குவோம். எங்களுக்குத் தெரிந்த ஊர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஊர்தான். அதை வைத்துத்தான் கடைக்கு இடம் பார்த்தோம். ஆம்பூருக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று உண்டு என்பது எங்கள் ரெண்டு பேர் மூளைக்கும் எட்டவே இல்லை.

கலைக்கு ஒரு கடை

கலை மனசில் அந்தக் கடை எப்போதிலிருந்தோ இருந்தது. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் வரிசையில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி தைப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அக்கம்பக்கத்து ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பாள். கேட்டால், கம்பெனியில் தைப்பது கைக்கு, இது மனசுக்கு என்பாள்.

அந்த வருஷம் வெளிநாட்டு ஆர்டர் கம்மியாகி, கலை மாதிரிப் பலரை வாரத்தில் சில நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பேஜாரில் இருந்தபோது இவள் மட்டும் சந்தோஷமாகக் கணக்கை முடித்துக்கொண்டு, பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் முருகேசன் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறவர். தங்கமான மனுஷன், கொஞ்சம் பயந்தவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தை மாசம் கடை திறக்கலாம். சித்திரை பிறப்பதற்குள் கடை தன் காலில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு மறுபடியும் கம்பெனி பஸ் ஏறிவிடவேண்டும். கலையும் சரி என்றாள். வேறு வழி இல்லை, பி.எஃப். பணம் ஒரு தடவைதான் வரும்.

ஆகவே எந்த ஊரில் கடை போடுவது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. நாங்களோ அதைத் திருவிழாவுக்குப் போவதுபோல் தீர்மானித்தோம்.

ஊர் ஊராக

எங்கள் பழைய வேலூர் ஜில்லா ஒரு சின்ன மாநிலம் அளவுக்கு இருந்தது. பிறகு அதை மூன்றாக வெட்டினார்கள். வெட்டினால் என்ன, எங்களுக்கு எல்லா ஊரும் ஒரே பஸ் தூரம்தான். ஞாயிறு சர்ச்சு முடிந்ததும் நான் பைபிளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வருவேன். கலை அங்கே எனக்காக முறுக்கு தின்றுகொண்டு நிற்பாள். எனக்கு லீவு அன்றைக்கு மட்டும்தான், நான் இல்லாமல் அவள் கிளம்பமாட்டாள். ஒரு ஞாயிறுக்கு ஓர் ஊர். எந்த ஊர் களைகட்டி இருக்கிறதோ அங்கே கடை. எங்கள் ஆராய்ச்சி இவ்வளவுதான்.

கலை ஊரைப் பார்க்கிற விதமே தனி. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கட்டடத்தைப் பார்க்கமாட்டாள், கடையைப் பார்க்கமாட்டாள். பெண்களின் முதுகைப் பார்ப்பாள். ஜாக்கெட் முதுகில் சுருக்கம் விழுகிறதா, தோள் இறங்குகிறதா, கைப்பக்கம் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். ஒருமுறை முன்னால் போன ஓர் அம்மாவின் பின்னாலேயே தெருத்தெருவாகப் போனாள். அந்த அம்மா நின்று திரும்பி, "இன்னாமா வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டார். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முதலில் வேலூர். வேலூரின் கூட்டத்துக்குக் கேட்கவேண்டுமா? ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் போனால் வங்காளமும் இந்தியும்தான் காதில் விழும். லாட்ஜு போர்டு, மெஸ் போர்டு எல்லாம் அவர்கள் எழுத்தில். ஞாயிறு என்பதால் நோயாளிகள்கூட ஸ்கேன் கவரை அறையில் வைத்துவிட்டுக் கோட்டைப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. கலை உதட்டைப் பிதுக்கினாள்.

"இங்க வர்றவங்க எல்லாம் திரும்பிப் போறவங்கடி. அளவு குடுத்துட்டு ரயில் ஏறிட்டா நான் கல்கத்தாவுக்கா போய்க் குடுக்கறது?"

குடியாத்தத்தில் முதுகு எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அங்கே சிக்கல். நெசவும் துணியும் தெரிந்த ஊர். திரும்பிய பக்கமெல்லாம் நல்ல டைலர் இருந்தார். இவள் போய் என்ன கிழிக்கப் போகிறாள்?

ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் அழகாக இருந்தது. வேலூர் பஸ் வந்து நின்றால் வேர்க்கடலை மூட்டையும் பிள்ளைகளும் கோழியுமாக ஊர் எழுந்து நிற்கும். பஸ் கிளம்பியதும் உட்கார்ந்துவிடும். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்து, "அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்குதும்மா, நிழல்ல உட்காருங்க" என்றார். கலை அவர் மனைவிக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள், கடை மட்டும் போடவில்லை.

என் ஊரும் வந்தது

ஜோலார்பேட்டையைப் பற்றி நான் நடுநிலையாகப் பேசமுடியாது. அது நான் பிறந்த ஊர். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் குவார்ட்டர்ஸில் கடிகாரம் ஓடாவிட்டாலும் யாரும் கவலைப்பட்டதில்லை. இந்த வண்டி போனால் குழாயில் தண்ணீர் வரும், அந்த வண்டி போனால் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும், இன்னொன்று ஊதினால் அப்பா டிபன் பாக்ஸோடு வருவார் என்று தெரியும். சின்ன வயசில் நாங்கள் பிளாட்பாரத்துக்குப் போய்ச் சும்மா நிற்போம். வண்டி வந்து நின்றால், ஜன்னல் ஜன்னலாக வேறு வேறு முகம், வேறு வேறு பேச்சு. வடை விற்பவர் அத்தனை பாஷையிலும் வடை என்று சொல்வார். உலகத்திலேயே கலகலப்பான ஊர் எங்கள் ஊர் என்று கல்யாணமாகி மாதனூருக்கு வரும் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமையோடு கலையைக் கூட்டிப்போனேன். அவள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒரு வண்டியைப் பார்த்தாள், இன்னொரு வண்டியைப் பார்த்தாள்.

"எல்லாரும் ஓடறாங்க எஸ்தரு. அளவெடுக்க ஒருத்தரும் நிக்கமாட்டாங்க" என்றாள்.

நான் அடுத்த பஸ் வரும்வரை அவளோடு பேசவில்லை.

கடைசியில் ஆம்பூர். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரைப் பார்த்தவர்கள் எங்களை மன்னித்துவிடுவார்கள். சுற்று வட்டாரத்துக் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் பஜாரில் இருந்தார்கள். பெங்களூர்க்காரர்கள் வரிசையாக வண்டியை நிறுத்திவிட்டு, ஏற்றுமதிக்குப் போகாத ஷூக்களைக் கடைகடையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஷூ வாங்கமாட்டோம், எடுத்துத் திருப்பிப் பார்த்து, தையல் எங்கே ஓடியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். கடைக்காரர் முறைப்பார். பிரியாணிக் கடையில் தேக்சா மூடியைத் தட்டுகிற சத்தம். வளையல், பிளாஸ்டிக் குடம், பிள்ளைகளுக்கு ஊதல், தள்ளுவண்டியில் கொய்யா. நடக்கவேண்டியதே இல்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் விட்டது.

"இதுதான்டி ஊரு" என்றாள் கலை.

அடுத்த ஞாயிறே கட்டடச் சொந்தக்காரரான ஒரு பாயிடம் பேசி அட்வான்ஸ் கொடுத்தோம். அவர் நல்லவர். "நல்லா யோசிச்சிங்களாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். நாங்கள் அதை மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தோம்.

காவலுக்கு முருகேசன்

திங்கட்கிழமை மாதிரியே செவ்வாய். செவ்வாய் மாதிரியே வாரம் முழுக்க. சரி, ஞாயிறு வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. கூட்டமும் வந்தது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் லீவு கிடைத்தவள் அன்றைக்கு வளையல் வாங்குவாளா, துணியைத் தூக்கிக்கொண்டு வந்து கையை விரித்து நிற்பாளா? எட்டிப் பார்த்து, "கடை நல்லா இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு எங்கள் லைன் பெண்களே தாண்டிப் போனார்கள். கோபித்துக்கொள்ளவும் முடியாது, நாங்களும் அப்படித்தான் செய்திருப்போம்.

முருகேசன் அண்ணன் அழகாக ஒரு காரியம் செய்தார். டேனரியிலும் அப்போது வேலை கம்மி. கலை தனியாக உட்கார்ந்து மனசு உடைந்துவிடக்கூடாது என்று, ஷிப்டு இல்லாத பகல் எல்லாம் ஒரு ஸ்டூலைக் கடை வாசலில் போட்டுக் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார். மீசையும் உடம்புமாக வாசலை அடைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் பார்த்தார். சிரித்தும் வைத்தார். அது இன்னும் பயமாக இருந்திருக்கும்.

தை முடிந்தது. மாசி பிறந்தது. மதியம் போன் செய்தால் கலை சிரிப்பது குறைந்துபோனது. ஒரு நாள் கேட்டாள்: "என் மெஷின்ல இப்ப யாரு உட்கார்றாங்க?"

"யாரும் இல்ல. காலியாதான் இருக்குது" என்றேன்.

"துடைச்சி வைக்க சொல்லு" என்றாள். நானே போய்த் துடைத்து வைத்தேன்.

ஷமீம் ஆபா

பின்தெருவில் இருக்கிற ஷமீம் ஆபாவை அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஆபா என்றால் அக்கா. ஐம்பது வயசுக்கு மேல், கல்யாணமான பெண்கள், மருமகள்கள் என்று பெரிய வீடு. ஒரு நாள் காலை பதினொரு மணி சுமாருக்கு, முருகேசன் டீ குடிக்க எழுந்து போன நேரம் பார்த்து, அவர் உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு மளமளவென்று கடைக்குள் நுழைந்திருக்கிறார். மெஷினில் உட்கார்ந்திருந்த கலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"டைலரு நீயா?"

"நான்தான்க்கா."

"அப்ப வாசல்ல குந்தினு இருக்கறவரு?"

"என் வீட்டுக்காரரு."

ஆபா தலையில் அடித்துக்கொண்டாராம். "அவருதான் டைலருன்னு இந்தத் தெருவே நினைச்சிக்கினு இருக்குது. எங்க வீட்டுப் பொம்பளைங்க ஜன்னல்ல பாத்துட்டு, அய்யய்யோ அந்தாளுகிட்டயா அளவு குடுக்கறதுன்னு உள்ள போய்டுச்சுங்க. முதல்ல அவரை வீட்டுக்கு அனுப்பு."

"ஞாயித்துக்கிழமை ஜனம் இருக்கும், துணை வேணாம்னு அவரு வரமாட்டாருக்கா. அன்னைக்கு வந்திருக்கலாமே?"

"ஞாயித்துக்கிழமை நாங்க எப்படிம்மா வர்றது? கம்பெனி ஆளுங்க கூட்டம் ஜாஸ்தி, கால் வைக்க எடம் இல்ல. நாங்க வெளிய வர்ற நேரம் இதுதான். ஆம்பளைங்க வேலைக்கு, பசங்க ஸ்கூலுக்கு, அடுப்புல சோறு வெந்த அப்புறம். லொஹர் பாங்கு சொல்றதுக்குள்ள வீட்டுக்குப் போய்டுவோம்."

மதியத் தொழுகை அழைப்பைத்தான் அப்படிச் சொன்னார். அன்று சாயங்காலமே முருகேசன் அண்ணனின் ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டு, வாசலுக்கு ஒரு திரை தொங்கவிட்டாள் கலை. பாவம், அந்த மனுஷன் கொஞ்ச நாள் எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படித்தார். "நான் நல்லதுக்குதானே குந்தினேன்" என்று என்னிடம் புலம்பினார்.

நான் சமாதானம் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை

இதற்கிடையில் கம்பெனிக்கு ஆர்டர் வந்துவிட்டது. பெரிய ஆர்டர். நின்றவர்களை எல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் கலைக்கு இரண்டு மூன்று தடவை போன் செய்தும் அவள் எடுக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"ஏம்மா எஸ்தர், நீ நாளைக்கு லீவு எடுத்துக்க. நேர்ல போய்க் கையோட கூட்டிட்டு வா. அவங்க கைக்கு ரெண்டு பேர் போட்டாலும் ஈடு ஆகாது. வந்தா பழைய சர்வீஸ் மாதிரியே பாத்துக்கறோம்னு சொல்லு."

எனக்கும் அவள் வந்தால் தேவலை. பக்கத்து மெஷின் காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். கடைக்கு ஏதோ ஆள் வருகிறது என்று போனில் சொன்னாள், எத்தனை பேர், எப்படி என்று நான் கேட்கவில்லை. சித்திரையும் நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு வந்துவிடவேண்டும் என்றுதான் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆம்பூர் பஜாருக்குள் நடந்தால், எனக்கு எங்கே வந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. தெருவுக்குத் தரை இருந்தது. ஞாயிறுகளில் நான் அதைப் பார்த்ததே இல்லை. வெயில் கடைப் படிகள் வரை வந்து விழுந்திருந்தது. கொத்தமல்லிக்காரர் ஒரு வீட்டு வாசலில் தமிழிலும் அடுத்த வீட்டில் உருதுவிலும் அதற்கடுத்த வீட்டில் தெலுங்கிலும் விலை சொல்லிக்கொண்டு போனார். வயசானவர்கள் சலூனில் முடிவெட்டிக்கொள்ளாமலே உட்கார்ந்திருந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து ஒரு கூடை கயிற்றில் இறங்கி, பிரெட்டோடு மேலே ஏறியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொன்னார்கள். பெண்கள் இரண்டு இரண்டு பேராக, அவசரமே இல்லாமல், பேசிக்கொண்டு நடந்தார்கள்.

வேலைக்குப் போகவேண்டிய நேரத்தில் தெருவில் நிற்கிறேன் என்பதே எனக்குத் திருட்டுத்தனமாக இருந்தது. யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடை வாசலில் செருப்புக் குவியல். திரையை விலக்கினால் உள்ளே நிற்க இடமில்லை. ரம்ஜான் நோன்பு தொடங்கப் போகிற வாரம், எல்லாருக்கும் பெருநாளைக்குப் புதுத்துணி வேண்டும். மடியில் துணி, பேச்சு, சிரிப்பு, யாரோ கொண்டுவந்த பிளாஸ்கில் டீ. ஷமீம் ஆபா முருகேசனின் ஸ்டூலில் உட்கார்ந்து, யாருக்கு முதலில் அளவு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தில் டேப்போடு கலை நடுவில் சுழன்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண்ணெல்லாம் சிரித்தது.

"உனக்கு இன்னாடி இந்த நேரத்துல இங்க வேலை?"

சொன்னேன். கம்பெனி கூப்பிடுகிறது, பழைய சர்வீஸ், காலியான மெஷின், எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "எனக்கும் நீ வந்தா நல்லா இருக்கும்டி" என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினாள். ஒரு பெண் புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு உள் மறைப்பிலிருந்து வெளியே வந்தாள். வந்து, கையைத் தூக்கிப் பார்த்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. ஆபா, "மாஷா அல்லாஹ்" என்றார். மற்றவர்கள் எல்லாம் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"பாத்தியா" என்றாள் கலை. "அங்க எத்தனை வருஷம் தச்சேன் எஸ்தரு. ஒரு ஷூவைக்கூட யார் போட்டாங்கன்னு தெரியாது. இங்க போட்டுட்டு திரும்பிக் காட்டறாங்கடி."

எனக்கு அதற்கு மேல் கேட்க மனசு வரவில்லை. வந்த வேலை கெட்டுப்போனதில் எனக்கு வருத்தமும் இருந்தது, அவளை நினைத்தால் பெருமையும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ டீயை நீட்டினார்கள், வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும்போது, "சார்கிட்ட இன்னா சொல்றது?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமைல கடை லீவுதான். அன்னைக்கு கம்பெனி திறந்தா வர்றேன்னு சொல்லு" என்றாள். கடைக்குள் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை

மறுநாள் அதை அப்படியே சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஏன் கம்பெனி திறக்கணும் என்று அவர் ரொம்ப நேரம் யோசித்தார். சாயங்காலம் கலையின் மெஷினுக்கு வேறு ஆள் போட்டார்கள்.

எனக்கு மறுபக்கத்து மெஷினில் பல நாளாக உட்காருகிறவள் ரோசி. என்னைவிட இரண்டு மூன்று வயசு சின்னவள், என்னோடு அதே பஸ்ஸில் வருகிறவள். அன்று மதியம் சாப்பிடும்போது, "புதன்கிழமை ஊரு எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டாள்.

சொன்னேன். தெருவுக்குத் தரை இருப்பதைச் சொன்னேன். வெயிலைச் சொன்னேன், கொத்தமல்லிக்காரரை, கூடையை, வாய்ப்பாட்டை, இரண்டு இரண்டு பேராக நடந்த பெண்களைச் சொன்னேன். கதை கேட்கிற மாதிரி சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாம இல்லாமயே நல்லாதான் இருக்குதாக்கா?"

"நல்லாதான் இருக்குது" என்றேன். சொல்லும்போது ஏனென்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது.

ரோசி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கை கழுவப் போனவள், நாலடி போய்த் திரும்பி வந்தாள்.

"அடுத்த புதன்கிழமை எனக்கு காய்ச்சல்க்கா" என்றாள்.